குளத்துக்குத் தண்ணீர் வந்த கதை

அன்புள்ள பங்காளிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் காதுகுத்து என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. குடும்பத்தோடு வந்துவிடுவோம்.

நம்ம ஊர்க் குளத்தில் தண்ணீர் நிற்கிறது. சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்த இடத்தில் இப்போது கொக்கு மேய்கிறது. 2024 ஆகஸ்டில் தொடங்கிவைத்த அத்திக்கடவு-அவிநாசித் திட்டத் தண்ணீர்தான். காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே போகும் பவானி உபரிநீரை ஆறு நீரேற்று நிலையங்கள் வழியாக மேடேற்றி, 1,045 குளம் குட்டைகளுக்குக் கொடுக்கிறார்கள்.

"போராடி என்னத்தைக் கண்டோம், எல்லாம் ஓட்டில்தான் இருக்கிறது" என்று எழுதியிருந்தாய். எனக்கு அது ஒப்பவில்லை பங்காளி. அறுபது வருசத்துக்கு மேலாகக் கேட்ட தண்ணீர் இது. தேர்தலுக்குத் தேர்தல் வாக்குறுதி வந்தது, தண்ணீர் வரவில்லை. 2016 பிப்ரவரியில் அவிநாசியில் உண்ணாவிரதம் உட்கார்ந்தபிறகுதான் அசைந்தது. 2019இல் அடிக்கல் விழுந்தது. ஓட்டு வேண்டாம் என்று சொல்லவில்லை. ஓட்டுப் போட்ட மறுநாளிலிருந்து யார் கேட்பது?

நம் அப்பன்மார் கேட்டார்கள். 1970இல் பம்புசெட்டுக் கரண்டுக்கு யூனிட்டுக்குச் சில பைசா ஏற்றியதை எதிர்த்து விவசாயிகள் சங்கத் தலைவர் நாராயணசாமி நாயுடு பின்னால் திரண்டார்கள். ஜூன் 19 அன்று திருப்பூர் பக்கம் பெருமாநல்லூரில் போலீஸ் துப்பாக்கிச்சூடு, மூன்று விவசாயிகள் செத்தார்கள். அதற்கும் அடங்கவில்லை. உழவனிடம் இருந்தது வண்டியும் மாடும்தான். 1972இல் அதையே ஓட்டிவந்து கோயம்புத்தூர்ச் சாலைகளை அடைத்தார்கள். 1984இல் சிறு விவசாயிகளுக்கும், சில வருசத்தில் எல்லா விவசாயிகளுக்கும் இலவசக் கரண்டு வந்தது.

ஆனால் ஒன்று மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது. கரண்டு இலவசமானதும் ஆளாளுக்குப் போர்வெல் போட்டோம், ஆயிரம் அடிக்குப் போனோம், கிணறெல்லாம் வறண்டது. பவானித் தண்ணீருக்காக நாம் இத்தனை தவித்ததில் அதற்கும் பங்குண்டு என்றே நினைக்கிறேன். இன்னொன்று, மோட்டார் இருந்தவனுக்குத்தான் இலவசக் கரண்டு. நம் தோட்டத்தில் மாடு கட்டிக் கவலையில் தண்ணீர் இறைத்து, களை வெட்டிய பண்ணையாளுக்கு அதில் என்ன கிடைத்தது? அவர்களும் நம்மோடு தெருவில் நின்றவர்கள்தானே.

போன சங்கக் கூட்டத்தில் இதை எழுந்து சொன்னேன். அடுத்த கோரிக்கை மனுவில் கூலிக்காரர் பிரச்சினையும் இருக்க வேண்டும், அதை அவர்களே வந்து பேச வேண்டும் என்றேன். இரண்டு பேர் முகம் சுளித்தார்கள். இளவட்டங்கள் நாலைந்து பேர் என் பக்கம் நின்றார்கள். அடுத்த கூட்டத்திலும் சொல்வேன்.

போராட்டத்தில் உயிர்விட்ட விவசாயிகளை நினைக்கும் ஜூலை 5 உழவர் தினத்துக்குப் பெருமாநல்லூர் நினைவுத்தூணுக்குப் போகிறேன். முதல் நாளே வந்துவிடு, சேர்ந்து போகலாம்.

இப்படிக்கு,
உன் பங்காளி