நம் ஊரின் வரலாறும் மக்கள்தொகையும்: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்பார்ந்த பெற்றோருக்கும் பாதுகாவலர்களுக்கும் வணக்கம்.

எட்டாம், ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் இந்தப் பருவத்தில் நம் கிராமத்தின் வரலாற்றையும் மக்கள்தொகையையும் தாங்களே விசாரித்துத் தொகுக்க இருக்கிறார்கள். சென்ற ஆண்டு இதே வேலையைக் கொடுத்தபோது வந்த கட்டுரைகளில் பெரும்பாலானவை கைப்பேசியில் தேடி எடுத்தவை. ஒரே தொகை, ஒரே வாக்கியம், எழுத்துப்பிழைகூட ஒன்றே. இம்முறை அப்படி ஆகாமலிருக்க உங்கள் உதவி தேவைப்படுவதால் சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

பிள்ளைகள் எழுதிய அந்தத் தொகை 2011 சென்சஸில் நம் வருவாய்க் கிராமத்துக்குக் கொடுக்கப்பட்டது. வருவாய்க் கிராமம் என்பது வரி வசூலுக்காக எல்லை போடப்பட்ட ஒரு பரப்பு. அதற்குள் நம் ஊரும், காலனியும், வாய்க்காலுக்கு அப்பால் இருக்கும் குக்கிராமங்களும் சேர்ந்தே வருகின்றன. ஆகவே 'நம் ஊரில் எத்தனை பேர்' என்ற கேள்விக்கு அந்தத் தொகை விடையாகாது. இதற்கு நேரெதிரான தவறும் நடந்தது. வீடு வீடாகச் சென்று எண்ணிய ஒரே குழு, கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களை எண்ணிவிட்டுக் காலனியை விட்டுவிட்டு, 'ஊர் முழுவதும் எண்ணினோம்' என்று எழுதித் தந்தது. பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். 'ஊர்' என்ற சொல்லைப் பெரியவர்களாகிய நாம் எப்படிப் பயன்படுத்துகிறோமோ அப்படித்தான் அவர்களும் பயன்படுத்தினார்கள். இம்முறை கணக்கு காலனியிலிருந்து தொடங்கும்.

ஊரின் எந்தப் பகுதி ஏட்டில் ஏறுகிறது என்பது பழைய சிக்கல். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு முதலாம் இராசராசன் கொடுத்த ஊர்களைப் பற்றிய கல்வெட்டுகளில், வரியில்லாத நிலம் என்று ஊர் நத்தம், குளம், ஊடறுத்துப் போன வாய்க்கால், சேரிகள், சுடுகாடு ஆகியவை தனித்தனியே கழிக்கப்படுகின்றன. வேலி, மா, காணி, முந்திரிகை என்று நிலத்தை 320இல் ஒரு பங்குக்கும் கீழே போய் அளந்த அந்தக் கணக்கில், அங்கே வாழ்ந்தவர்களின் தலைக்கணக்கு இல்லை. உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை, 30 குடும்புகளாக, அதாவது வார்டுகளாகப் பிரிந்த ஊரில் குடவோலைக்கு யார் தகுதியானவர் என்று சொல்கின்றன. கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலமும் சொந்த மனையில் வீடும் உள்ளவர் என்பது அந்தத் தகுதிகளுள் ஒன்று. நிலமற்றவர் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதை அவற்றிலிருந்து அறிய வழியில்லை.

ஆட்களை எண்ணும் பழக்கம் ஆங்கிலேயர் காலத்தில்தான் ஒழுங்குக்கு வந்தது. சென்னை மாகாணத்தில் 1871இல் ஒரு கணக்கெடுப்பும், 1881 பிப்ரவரி 17 இரவை அடிப்படையாக வைத்து நாடு முழுவதற்குமான கணக்கெடுப்பும் நடந்தன. இந்த இரண்டுக்கும் இடையில்தான் 1876–78 பெரும் பஞ்சம் வந்தது. சேலம் மாவட்டத்தில் 1871இல் ஏறத்தாழ 19.7 லட்சமாக இருந்த மக்கள்தொகை பத்தாண்டுகளில் 16 லட்சத்தளவுக்கு இறங்கியது. தாது வருஷப் பஞ்சம் என்று நம் வீட்டுப் பாட்டிமார் அவர்களுடைய பாட்டிமாரிடம் கேட்டுச் சொல்வது இதைத்தான். உங்கள் குடும்பத்தில் 'அப்போது இங்கே வந்து குடியேறினோம்' என்றோ, 'கண்டிச் சீமைக்குப் போனவர் திரும்பவில்லை' என்றோ, 'பர்மாவிலிருந்து நடந்தே வந்தார்கள்' என்றோ ஒரு பேச்சு இருக்குமானால், அதைப் பிள்ளைகளிடம் தயவுசெய்து சொல்லுங்கள். மன்னர் யாரோ ஊருக்குப் பெயர் வைத்த கதையைவிட அது எனக்கு முக்கியம்.

வயதைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. 2011இல் நான் கணக்கெடுப்புப் பணியில் இருந்தபோது ஒரு மூதாட்டி, "அறுபதுன்னு போட்டுக்க" என்றார். எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன். பேச்சோடு பேச்சாக, "காந்தி செத்த சேதி வந்தப்ப என் மூத்தவன் கைக்கொழந்தை" என்றார். அதாவது 1948இல் அவர் ஒரு பிள்ளைக்குத் தாய். அறுபதை அடித்துவிட்டு எண்பது என்று எழுத வேண்டியதாயிற்று. நம் பள்ளியின் பழைய சேர்க்கைப் பதிவேட்டிலும் இதே கதைதான். தலைக்கு மேல் கையை வளைத்துக் காதைத் தொட்டால் சேர்த்துக்கொண்ட அந்தக் காலத்தில், பிறந்த தேதி என்ற கட்டத்தில் பலருக்கும் மே, ஜூன் மாதங்களே எழுதப்பட்டிருக்கின்றன. அது பிள்ளை பிறந்த மாதமன்று, பள்ளிச் சேர்க்கைக்கு ஏற்பப் போட்ட மாதம். எனவே பெரியவர்களிடம் வயதைக் கேட்காமல், புயல், பஞ்சம், தேர்தல், ஊருக்கு மின்சாரம் வந்தது போன்ற நிகழ்ச்சிகளை நினைவூட்டி அப்போது என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று கேட்கும்படி மாணவர்களுக்குச் சொல்லியிருக்கிறோம்.

இப்படி மாணவர்களை ஊருக்கு அனுப்புவது நாங்கள் கண்டுபிடித்த முறையன்று. 1916இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர், தம் மாணவர்களிடம் வினாப்பட்டியலைக் கொடுத்து அவர்களுக்குத் தெரிந்த ஊர்களுக்கு அனுப்பினார். வடமலைபுரம், கங்கைகொண்டான், பாலக்குறிச்சி, தூசி, இருவேல்பட்டு ஆகிய சிற்றூர்கள் இன்றும் ஆய்வாளர்களிடையே பேசப்படுவதற்கு அந்த மாணவர்கள் எழுதிவைத்த குறிப்புகளே காரணம். 1930களிலும் பின்னரும் வேறு ஆய்வாளர்கள் அதே ஊர்களுக்கு மறுபடி சென்றார்கள். இருவேல்பட்டில் 2008இலும் ஆய்வு நடந்தது. முதல் கணக்கு ஒழுங்காக இருந்தால்தான் இரண்டாவது கணக்குக்குப் பொருள் உண்டு.

வேலையை இரண்டாகப் பிரித்திருக்கிறோம். வரலாற்றை விசாரிப்பது பொங்கல் விடுமுறையில். திருப்பூர், சென்னை, வளைகுடா என்று போனவர்களெல்லாம் வீட்டில் இருக்கும் நாட்கள் அவை. ஆட்களை எண்ணுவதோ பொங்கலில் கூடவே கூடாது. அன்று ஊரில் தங்குபவர்களை எண்ணினால் வீட்டுக்கு இரண்டு மூன்று பேர் கூடுதலாக வரும். விடுமுறை முடிந்து அனைவரும் திரும்பிய பிறகு, ஒரு சாதாரண புதன்கிழமை இரவு யார் யார் வீட்டில் உறங்குகிறார்கள் என்பதே நம் கணக்கு. வெளியூரில் வேலை பார்ப்பவர்களைத் தனிப் பட்டியலில் எழுதுவோம். பூட்டிய வீடுகளையும் விடாமல் குறிக்க வேண்டும். ஊரைப் பற்றி அந்தப் பூட்டுகளே நிறையச் சொல்லும் என்பது என் எண்ணம்.

வகுப்பில் பிள்ளைகள் குறைவதற்குத் தனியார் பள்ளி வேன்தான் காரணம் என்று ஒவ்வொரு பெற்றோர் கூட்டத்திலும் பேச்சு எழுகிறது. வேனும் ஒரு காரணம்தான். ஆனால் தேசிய குடும்பநல ஆய்வின்படி 2019–21இல் தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகளே, ஒரு தலைமுறை தன்னைத் தானே ஈடுசெய்துகொள்ள 2.1 தேவை. நம் ஊரில் எது எவ்வளவு காரணம் என்பதை, ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளைப் பிரித்து எண்ணினால் நாமே பார்த்துவிடலாம்.

பிள்ளைகள் கேட்கக் கூடாதவற்றையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். சாதி, வருமானம், கடன், நிலத்தின் அளவு ஆகியவற்றை எந்த வீட்டிலும் கேட்க மாட்டார்கள். 2027 மார்ச் 1ஐ அடிப்படை நாளாகக் கொண்டு நடக்கவிருக்கும் அரசின் கணக்கெடுப்பில் சாதியும் கேட்கப்படும் என்று அறிவிக்கப்பட்டிருக்கிறது. அந்த விவரங்களுக்கு 1948ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு, நம் பள்ளி நோட்டுப் புத்தகத்துக்கு அது கிடையாது. ஆகையால் பெயர்களையும் எழுத மாட்டோம். தெரு, வீட்டு வரிசை, ஆண், பெண், வயதுப் பிரிவு, இவ்வளவே.

பழைய பத்திரம், பட்டா, ரசீது, கப்பல் சீட்டு, திருமண அழைப்பிதழ் போன்றவை வீட்டில் இருந்தால் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அசலைக் கொடுத்தனுப்ப வேண்டாம், ஜெராக்ஸ் போதும். 1980 நவம்பரில், ஊர்க் கணக்கையும் வரியையும் பார்த்துவந்த கர்ணம், மணியக்காரர் பதவிகள் ஒழிக்கப்பட்ட பிறகு அவர்கள் வீடுகளில் தங்கிவிட்ட குறிப்பேடுகள் சிலவற்றைக் கரையான் தின்று முடித்ததை நானே பார்த்திருக்கிறேன். மிச்சமிருப்பவற்றைப் படம் எடுத்துக்கொள்ள அனுமதித்தால் பள்ளி நன்றியுடையதாக இருக்கும்.

இணைத்துள்ள ஒப்புதல் சீட்டில் கையொப்பமிட்டு வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் சேர்ப்பியுங்கள். புதன்கிழமை இரவுக் கணக்குக்குப் பிள்ளைகளோடு தெருவுக்கு ஒருவராக உடன் வர விருப்பமுள்ள பெற்றோர், சீட்டின் பின்புறத்தில் தங்கள் தெருவின் பெயரைக் குறிப்பிடவும். காலனித் தெருக்களுக்கு நான் வருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தலைமையாசிரியர்