இணையச் சந்தை விலைச் சண்டைக்கு மிரட்டல் கடிதம் மருந்தல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பினாங்கு லிட்டில் இந்தியாவிலும் கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியாவிலும் கிரைண்டர், மிக்சி, குக்கர் விற்கும் கடைக்காரர்களின் மனக்குறை நியாயமானது. வாடிக்கையாளர் பொருளைத் தொட்டுப் பார்த்து, ஓட்டிக் காட்டச் சொல்லி, கடைசியில் கைப்பேசியில் ஷோப்பி இணையச் சந்தை விலையை நீட்டுகிறார். இதைத் தடுக்கவென்று இறக்குமதியாளர்கள் கையில் எடுக்கும் ஆயுதம்தான் கவலை தருகிறது. “இந்த விலைக்குக் கீழே விளம்பரம் செய்தால் சரக்கு நிறுத்தப்படும்” என்று டீலர்களுக்குக் கடிதம். பெரும்பாலும் இணையத்தில் கிடைக்கும் அமெரிக்க மாதிரிதான். பெயர் மட்டும் மாறியிருக்கும்.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2007-இல் லீஜின் வழக்கில், டீலருக்குக் குறைந்தபட்ச மறுவிற்பனை விலை கட்டுவது எடுத்த எடுப்பிலேயே குற்றமாகாது, அதன் விளைவைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அந்தக் கடிதங்கள் அந்த மண்ணுக்கு உரியவை. இங்கே 2010-ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டம் 2012 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. டீலர் இதற்குக் கீழே விற்கக்கூடாது என்று விலை கட்டுவதைக் கடுமையாகவே பார்ப்போம் என மலேசியப் போட்டி ஆணையமான மைசிசி தன் வழிகாட்டியில் எழுதி வைத்திருக்கிறது. பரிந்துரை விலை என்று பெயர் மாற்றினாலும், எல்லாரும் அதிலேயே வந்து நிற்கும்படி செய்தால் அதுவும் சிக்கல்தான். அபராதம் நிறுவனத்தின் உலகளாவிய விற்றுமுதலில் 10 விழுக்காடு வரை போகலாம்.

“நாங்கள் விளம்பர விலையைத்தானே சொன்னோம், விற்பனை விலையை அல்லவே” என்ற வாதம் இணையச் சந்தையில் எடுபடாது. லஸாடாவிலும் ஷோப்பியிலும் பொருள் பக்கத்தில் உள்ள விலைதான் கூடைக்குப் போகிறது. வவுச்சர் தள்ளுபடியைக் கழித்துவிட்டால் இரண்டும் ஒன்றே. எழுத்தில் ஒப்பந்தம் இல்லையே என்பதும் காப்பாற்றாது. சட்டத்தின் கண்ணில் வாய்மொழிப் புரிந்துணர்வும் ஒப்பந்தம்தான்.

இதைவிட ஆபத்தானது வாட்சாப் குழு. “யாரும் 620 வெள்ளிக்கு (ரிங்கிட்) கீழே போடாதீர்கள்” என்று டீலர்கள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டால், போட்டியாளர்கள் கூடி விலை நிர்ணயித்ததாகும். அதனால் சந்தை கெட்டதா என்று தனியே நிரூபிக்கவும் தேவையில்லை. சரவாக்கின் சிபுவில் ரொட்டி, பலகாரக் கடைக்காரர்கள் சங்கத்தில் கூடி 10 முதல் 15 விழுக்காடு விலை ஏற்ற முடிவெடுத்ததற்கு 2015-இல் மைசிசி அபராதம் விதித்தது. அவர்கள் பெருநிறுவனங்கள் அல்லர், நம்மைப் போன்ற சிறு வணிகர்களே.

அப்படியானால் விலை ஏன் சரிகிறது? பல நேரங்களில் காரணம் இறக்குமதியாளரின் கழிவு (தள்ளுபடி) திட்டத்திலேயே இருக்கிறது. ஒரு கிரைண்டர் டீலருக்கு 500 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். 599-க்கு இணையத்தில் விற்றால், சந்தைக் கட்டணங்கள் 12 விழுக்காடு என்ற கணக்கில் 71.88 போகும், அஞ்சலும் பெட்டியும் 20. கையில் நிற்பது 7.12. இந்த நிலையில் யாரும் விலையை உடைக்க முடியாது. இப்போது “காலாண்டில் 100 எடுத்தால் 8 விழுக்காடு கழிவு” என்று அறிவியுங்கள். டீலருக்கு அடக்கவிலை 460 ஆகிறது. அவர் வட்டாரத்தில் ஓடக்கூடியது 40தான். ஆனாலும் 100 எடுப்பார். மீதி 60-ஐ, காலாண்டு முடியும் வாரத்தில், கடையே இல்லாத ஒருவரிடம் தள்ளுவார், அல்லது வேறு பெயரில் தானே 560-க்குப் போடுவார். அந்த விலையிலும் 12.80 மிஞ்சும். அடுத்த நாள் மற்ற விற்பனையாளர்கள் 559, 558 என்று இறங்குவார்கள். அந்த இறக்கத்துக்குப் பணம் கட்டியவர் கழிவு கொடுத்தவரே. மொத்தக் கொள்முதலுக்குக் கழிவு தருவதை விட்டுவிட்டு, உத்தரவாதத்துக்குப் பதிவான ஒவ்வொரு வரிசை எண்ணுக்கும், செய்முறை காட்டும் கடைக்கும், பெல்ட்டும் கல்லும் கையிருப்பில் வைத்திருப்பவருக்கும் கழிவு தந்தால் கசிவின் பெரும்பகுதி அடைபடும்.

மீதியைப் பிடிக்கச் சரக்கின் தடம் வேண்டும். கிடங்கிலிருந்து பெட்டி வெளியேறும்போதே வரிசை எண்ணை ஸ்கேன் செய்து டீலரின் இன்வாய்ஸோடு சேர்த்து வையுங்கள். எண் பெட்டியில் மட்டும் இருந்தால் கிழித்துவிடுவார்கள். இயந்திரத்தின் அடித்தகட்டிலும் இருக்க வேண்டும். சந்தேகக் கடையிலிருந்து ஒன்றை வாங்கி எண்ணைப் பார்த்தால் எந்த டீலரிடமிருந்து போனது என்று தெரிந்துவிடும். திரைப்பிடிப்பை மட்டும் நம்பி டீலரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். கணக்கில் நுழைந்து பார்த்தால் உங்களுக்கென்று வந்த வவுச்சரும் சேர்ந்த விலை தெரியலாம். அந்தத் தள்ளுபடி சந்தை தன் கைக்காசில் கொடுப்பதாகவும் இருக்கும். சில கடைகள் கிரைண்டரின் பக்கத்திலேயே பெல்ட்டையோ கரண்டியையோ தேர்ந்தெடுக்கும் ஒரு வகையாகச் சேர்த்து, தேடலில் மிகக் குறைந்த விலை தெரியும்படி செய்வதும் உண்டு.

டீலர் ஒப்பந்தத்தில் விலையைத் தொடாத நிபந்தனைகள் போடலாம்: இணையக் கடைப் பெயர்களை முன்கூட்டியே தெரிவிப்பது, வேறு மறுவிற்பனையாளருக்குச் சரக்கைக் கைமாற்றாமல் பயனீட்டாளருக்கே விற்பது. இத்தகைய விலை சாராத நிபந்தனைகளில், தங்கள் சந்தையில் 25 விழுக்காட்டுக்கு மேல் பங்கு இல்லாதவர்களை மைசிசி வழிகாட்டி பொதுவாகப் பெரிதுபடுத்துவதில்லை. ஆனால் காரணம் உண்மையாக இருக்க வேண்டும். விலைக்காக நிறுத்திவிட்டு, கைமாற்றியதற்காக நிறுத்தினேன் என்று எழுதினால் உங்கள் வாட்சாப் செய்தியே சாட்சி சொல்லும்.

விலை குறைத்த கடையை வணிகச் சின்னப் புகாரால் முடக்க நினைப்பதும் தவறு. போலிப் பொருளுக்கும் திருடிய படத்துக்கும்தான் அந்தப் புகார். அசல் சரக்கைக் குறைத்து விற்பது போலி ஆகாது. “அங்கீகாரம் இல்லாத கடையில் வாங்கினால் உத்தரவாதம் கிடையாது” என்று சொல்பவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நீங்கள் கூடுதலாகத் தரும் உத்தரவாதத்துக்கு நிபந்தனை போடலாம். 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் தரும் உரிமையை எந்த அட்டையில் அச்சிட்டும் பறிக்க முடியாது.

நம் இந்திய வர்த்தகச் சங்கங்கள் மைசிசி அதிகாரிகளை அழைத்து, ஜார்ஜ்டவுனிலும் பிரிக்பீல்ட்ஸிலும் இதைத் தமிழில் விளக்க ஏற்பாடு செய்ய வேண்டுகிறோம். அதுவரை புதிய விலைக் கடிதம் எதையும் அனுப்பாதீர்கள். ஏற்கெனவே அனுப்பியவர்கள் அதை வழக்கறிஞரிடம் காட்டுங்கள். அவர் சொன்னால் எழுத்து மூலம் திரும்பப் பெற்று, எந்தெந்த டீலருக்கு எந்தத் தேதியில் அனுப்பினீர்கள் என்ற பட்டியலைக் கோப்பில் வையுங்கள்.

இப்படிக்கு,
வீட்டுச் சாமான் விநியோகத் தொழிலில் உள்ளோர்,
ஜார்ஜ்டவுன், பினாங்கு