காய்ந்த பாத்தி, காலிப் பாத்தி அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொங்கல் கழிந்ததும் சென்னையின் பழைய தோட்டங்கள் சிலவற்றில் ஒரு வேலை தவறாமல் நடக்கிறது. செங்காந்தளும், வண்ண இலைக் கிழங்குச் செடியான கலேடியமும் இலை மஞ்சளாகி விழுந்த பாத்திகளை, 'செடி செத்துப்போச்சு' என்று மண்வெட்டியால் கொத்திப் புரட்டிவிட்டு, தொட்டிகளில் வந்த பெட்டூனியாவையும் சாமந்தியையும் அங்கே இறக்குகிறார்கள். பார்க்க அழகுதான். ஆனால் ஒரு சாண் ஆழத்துக்குள் கிழங்கு தூங்கிக்கொண்டிருக்கிறது. மண்வெட்டிக்குத் தப்பியதைப் பெட்டூனியாவுக்காக தினமும் விடும் தண்ணீர் அழுகவைத்துவிடுகிறது. ஆடியில் முளை வராதபோது 'கிழங்கு தரமில்லை' என்ற பேச்சு எழுகிறது.

இந்த ஊருக்கு இது புதுப் பாடமாக இருக்கக் கூடாது. மதராஸ் வேளாண் தோட்டக்கலைச் சங்கம் 1835இல் தொடங்கியது. 2010இல் திறந்த செம்மொழிப் பூங்காவின் நிலமும், அதற்கு முன் அங்கே இருந்த உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் உணவகத்தின் நிலமும் அந்தச் சங்கத் தோட்டத்தின் பகுதியே. அடையாற்றில் பிரம்மஞான சபை 1882இலிருந்து இருக்கிறது. இப்படிப்பட்ட பழைய வளாகங்களில் கிழங்குச் செடிகளை வைத்துக் காப்பாற்ற வேண்டுமானால், ஒவ்வொன்றும் எப்போது உறங்கும் என்று தெரிந்திருக்க வேண்டும். மீதியெல்லாம் அதற்குப் பிறகுதான்.

செங்காந்தளை எடுத்துக்கொள்வோம். மாநில மலர், கண்வலிக்கிழங்கு என்றால் எல்லோருக்கும் தெரியும். கிழங்கு கலப்பை போல இரண்டு கிளையாக வளைந்திருக்கும். முளைக்கும் கண் ஒவ்வொரு கிளையின் நுனியிலும் ஒன்றே ஒன்றுதான். உருளைக்கிழங்கைப் போல எங்கே வெட்டி நட்டாலும் முளைக்கும் என்று நினைப்பதுதான் முதல் தவறு. நுனி உடைந்தால் அந்தக் கிளை வீண். ஆகவே தோண்டுவதற்கு மண்வெட்டி கூடாது. சிறு கரண்டியும் கையும் போதும். கிழங்கில் கோல்சிசின் என்ற கடும் நஞ்சு இருப்பதால் கையுறை போட்டுக்கொள்ள வேண்டும். வெட்டுப்பட்ட துண்டுகளைக் குழந்தைகளும் நாய்களும் நடமாடும் இடத்தில் போட்டுவைப்பது விபரீதம்.

நடுவதற்கு 50 முதல் 60 கிராம் எடையுள்ள கிழங்கு நல்லது. சிறியது நட்டால் கொடி வரும், பூ வராது. லிட்டருக்கு 1 கிராம் கார்பன்டாசிம் என்ற பூசணக்கொல்லி கரைத்த நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, ஆனி ஆடியில் நாலு அங்குல ஆழத்தில் படுக்கவைத்து நட வேண்டும். இடைவெளி ஒன்றேகால் அடி. பற்றிக்கொள்ளத் தடித்த மூங்கில் கழியை ஊன்றுகிறார்கள், அது பயன்படாது. இந்தக் கொடி இலை நுனியைச் சுருட்டித்தான் பிடிக்கும். அந்தச் சுருளுக்குள் மெல்லிய கம்பியோ காய்ந்த சுள்ளியோதான் அடங்கும். பிடி கிடைக்காமல் தரையில் படரும் தண்டு, மிதிபட்டு ஒடிந்தால் அந்தப் பருவம் அதோடு முடிந்தது. பூ முடிந்த பிறகும் பச்சை இலையை அறுக்கக் கூடாது. அடுத்த ஆண்டுக் கிழங்கைப் பருக்கவைப்பது அந்த இலைதான். தானே காய்ந்து விழுந்த பிறகு தண்ணீரை அடியோடு நிறுத்திவிட வேண்டும்.

மற்றவை இதே கணக்கில் ஓடுவதில்லை. பந்து லில்லி, அதாவது மே மலர், கோடை மழை ஒன்று விழுந்ததும் சித்திரை வைகாசியில் பூக்கும். கிழங்கின் கழுத்து மண் மட்டத்தில் இருக்கட்டும். நாலைந்து ஆண்டுக்குத் தொடவே வேண்டாம், இடம் மாற்றினால் அடுத்த ஆண்டு பூ கேட்க முடியாது. நரிவெங்காயம் கோடையில் இலையே இல்லாமல் பூக்கும். இலை மழைக்குத்தான் வரும். காட்டுக்கருணையும் அப்படியே, முதலில் பூ, பிறகு ஒற்றை இலை. அந்தப் பூ விரியும் நாளில் செத்த எலி வாடை அடிக்கும். வருகிறவர்கள் புகார் சொல்லி, காவலர் அதை வெட்டி எறிவதும் உண்டு. பக்கத்தில் ஒரு பலகை வைத்து விளக்கினால் அந்த வாடைக்கென்றே கூட்டம் வரும். மழை லில்லிக்கு மண் கொஞ்சம் காய்வதும் பிறகு ஒரு நல்ல நனைப்பும் வேண்டும். மூன்று முதல் ஐந்து நாளில் பாத்தி முழுக்கப் பூ. தினமும் தெளித்தால் புல் போல இலைதான் மண்டும். சம்பங்கியில் ஒருமுறை பூத்த கிழங்கு மறுபடி பூக்காது. பக்கக் கிழங்குகளே பூக்கும். அவற்றில் 25, 30 கிராம் தேறியதை மட்டும் பிரித்து நட வேண்டும். விஷமூங்கில் என்ற லில்லி வகையும் சிலந்தி லில்லியும் ஈரத்தைத் தாங்கும். அவற்றைப் பற்றிக் கவலை வேண்டாம்.

இவை எல்லாவற்றுக்கும் ஒரே தெளிப்பான் குழாய், ஒரே வால்வு. பெரும்பாலான சாவுக்குக் காரணம் அதுதான். உறங்கும் பாத்திகளுக்குத் தனி வால்வு வைக்கப் பெரிய செலவு ஆகாது.

சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மி.மீ. மழை. அதில் ஏறக்குறைய பாதி ஐப்பசியிலும் கார்த்திகையிலும் கொட்டிவிடும். அடையாறு, பெசன்ட் நகர்ப் பக்கம் மணற்பாங்கு, தண்ணீர் இறங்கிவிடும். மாம்பலம், நுங்கம்பாக்கம் பக்கம் பழைய ஏரிப் படுகைக் களிமண்ணில் இரண்டு நாள் தேங்கினாலே கிழங்கு கூழாகும். அங்கே ஒரு அடி உயர மேட்டுப்பாத்தி கட்டாயம்: அடியில் மூன்று அங்குலம் செங்கல் ஜல்லி, மேலே செம்மண் இரண்டு பங்கு, பருமணல் ஒரு பங்கு, மக்கிய இலைமட்கு ஒரு பங்கு. ஆற்று மணலுக்குப் பதில் எம்-சாண்ட் போட்டால் கழுவிவிட்டுப் போடுங்கள். அதிலுள்ள மாவுத்தூள் சிமென்ட் போல இறுகிவிடும். பச்சைச் சாணம் வேண்டாம்.

மழைக்காலத்தில் லில்லிப் புழுவைக் கவனிக்க வேண்டும். கருப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளியோடு கூட்டமாக வந்து, இரண்டு மூன்று இரவில் காந்தளையும் லில்லிகளையும் மொட்டையடித்துவிடும். இலையின் அடியில் முட்டைக் குவியலாகத் தெரியும்போதே அந்த இலையைக் கிள்ளி அழித்துவிட்டால் மருந்தே தேவையில்லை. புழு தண்டுக்குள் புகுந்து கிழங்குக்கு இறங்கிவிட்டால் எந்தத் தெளிப்பும் எட்டாது.

துலிப் வைக்கலாமே என்று அவ்வப்போது ஒரு யோசனை கிளம்புகிறது. துலிப்புக்கு மூன்று மாதமாவது 9 டிகிரிக்குக் கீழே குளிர் வேண்டும். மார்கழி விடியலிலும் சென்னை 20 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும். குளிரூட்டி அனுப்பும் கிழங்கு ஒருமுறை பூக்கும். அந்தப் பூ மொட்டாக உள்ளேயே வந்தது, நம் மண் தந்ததல்ல. மறு ஆண்டு ஒன்றும் வராது. அந்தப் பணத்தில் பாதிக்கு நம் காந்தளும் மே மலரும் பாத்தி பாத்தியாக நிற்கும்.

தோட்ட நிர்வாகங்களுக்கு ஒரே வேண்டுகோள். ஒவ்வொரு கிழங்குப் பாத்திக்கும் பெயர், நட்ட ஆண்டு, உறங்கும் மாதங்கள் மூன்றையும் அலுமினியத் தகட்டில் பொறித்து, நாலு மூலையிலும் ஊன்றுங்கள். பெயின்ட் எழுத்து இரண்டு கோடையில் போய்விடும். பூச்செடித் தொட்டிகளுக்கு வேறு இடம் பாருங்கள். தோண்டித்தான் ஆக வேண்டுமென்றால், எடுத்த கிழங்கை ஒரு வாரம் நிழலில் உலர்த்தி, காய்ந்த மணலில் புதைத்துக் காற்றோட்டமாக வையுங்கள். பாலித்தீன் பையில் கட்டினால் வியர்த்துப் பூசணம் பிடிக்கும். இந்த ஆண்டு கொத்தாமல் விட்ட காந்தள் பாத்திகளில் வைகாசிக் கடைசியில் மேல்மண்ணை விரலால் மெல்ல விலக்கிப் பார்க்கலாம். ஈட்டி நுனி போல வெளிர்பச்சையாக முளை தென்பட்டால், அன்று முதல் தண்ணீர் விடலாம்.

இப்படிக்கு,
தோட்டக்கலை ஆர்வமுள்ள வாசகர்கள்,
அடையாறு, சென்னை