கோட்டுப் போட்டுக்கொண்டு சோறு சாப்பிடும் பாப்பாவுக்கு

பாடாங் செராய்,
ஜனவரி, கடைசி ஞாயிறு

பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் கேட்டால் சிரித்தே மழுப்பிவிடுவாய். அதனால்தான் தம்பியின் பழைய பயிற்சிப் புத்தகத்திலிருந்து நாலு தாளைக் கிழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எழுதி முடித்ததும் அவன் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவான். தபால்தலைக்குக் காசு கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. இந்தக் கடிதமே கஞ்சத்தனத்தைப் பற்றித்தான், அதனால் இதுவும் பொருத்தம்தான்.

போன புதன்கிழமை நீ நைட் டியூட்டி முடிந்து வந்து வீடியோ போட்டாயே, கிளாஸ்கோவில் உனக்குக் காலை ஒன்பது, இங்கே மலேசியாவில் எனக்கு மாலை ஐந்து. சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். வீட்டுக்குள்ளே கோட்டு, தலையில் கம்பளித் தொப்பி, கழுத்தில் சால்வை. "இப்போதுதான்மா உள்ளே வந்தேன்" என்றாய். சரி என்று விட்டேன். ஆனால் பேசும்போது உன் வாயிலிருந்து புகை வந்தது. கேட்டதற்கு, ரசத்தின் ஆவி என்றாய். ரசக் கிண்ணம் காலியாக இருந்ததை நான் பார்த்தேன் பாப்பா. உன்னைப் பெற்றவள் நான்.

தம்பியைப் பிடித்து மிரட்டினேன். எல்லாம் வெளியே வந்தது. முன்கூட்டியே காசு போட்டால்தான் கரண்ட் வரும் மீட்டராம். அந்த வீட்டு ஹீட்டர் கரண்டில் ஓடுவதாம். கேஸைவிடக் கரண்ட் யூனிட்டுக்கு ஏறக்குறைய நாலு மடங்கு விலையாம். ஒரு விளக்குகூடப் போடாவிட்டாலும் மீட்டர் தினமும் ஒரு தொகையைத் தானாகக் கழித்துக்கொள்ளுமாம். இதைக் கேட்டபோது, வேலைக்குப் போகாத நாளுக்கும் தோட்டத்து லயத்து வீட்டுக்கு வாடகை பிடித்த மாதிரி இருந்தது எனக்கு. ஆக, வீட்டுக் கடனுக்கும் செலவுக்கும் மாதம் 800 மலேசிய வெள்ளி தவறாமல் வரவேண்டும் என்பதற்காக நீ கிளாஸ்கோவில் ஹீட்டர் போடாமல் படுக்கிறாய். டிசம்பரில் காலை எட்டே முக்காலுக்கு விடிந்து பிற்பகல் நாலு ஆவதற்குள் இருட்டிவிடும் ஊரில்.

உனக்குத் தெரியாத ஒரு சங்கதி சொல்கிறேன். நீ பிறந்தபோதே தோட்டத்தில் முக்கால்வாசி எண்ணெய்ச் செம்பனை ஆகிவிட்டது, அதனால் நீ பார்த்திருக்க மாட்டாய். ரப்பர்ப் பால்மரத்துக்கும் குளிர்காலம் உண்டு. இங்கே பனி கொட்டுவதில்லைதான், ஆனாலும் வெள்ளைக்காரத் துரைமார் அதற்கு வைத்த பேர் 'விண்டரிங்'. எங்கள் வாயில் அது வெறும் 'விண்டர்'. தை பிறந்து வெயில் காயத் தொடங்கினால் இலை செம்பாகி, மஞ்சளாகி, காற்றடித்தால் கொத்துக் கொத்தாகக் கொட்டும். மற்ற மாதங்களில் நிரைக்குள் நின்றால் வானமே தெரியாது. அப்போது மட்டும் தெரியும். தரையில் கால் வைத்தால் அப்பளம் நொறுங்குகிற மாதிரி சத்தம். பார்க்க அழகு, ஆனால் வயிற்றில் புளியைக் கரைக்கும். புது இலை தளிர்த்து முற்றும்வரை மரம் தன் சத்தையெல்லாம் இலைக்குத்தான் கொடுக்கும். மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்தில் பால் பாதிகூட இருக்காது. பால் குறைந்தால் சம்பளமும் குறையும்.

அந்த இரண்டு மாதம் உன் பாட்டி எட்டு வயிற்றை எப்படிக் கழுவினார் என்று நினைத்தால் இப்போதும் ஆச்சரியமாக இருக்கிறது. மளிகைக்கடையில் 555 என்கிற சின்னக் கடன் புத்தகத்தில் கணக்கு ஏறும். கடைக்காரத் தவுக்கே நல்ல மனுஷன், பங்குனியில் மரம் பால் கொடுக்கும்வரை பொறுப்பார். மரவள்ளிக்கிழங்கு, கருவாட்டுத் தலை, முருங்கைக்கீரை, ஆற்றோரத்தில் பறிக்கிற பூச்சோக் பாக்குக் கீரை. விறகுக்குக் காற்றில் முறிந்த பால்மரக் கிளை. சீனி வாங்க மாட்டார், கோப்பி கருப்பட்டியில்தான். மரத்தில் காய்ந்து ஒட்டிய ஒட்டுப்பாலைக்கூட ஒரு துண்டு விடாமல் சுரண்டி எடுப்பார். தாத்தா மட்டும் சும்மாவா? 1960இல் மந்திரி சம்பந்தன் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பாட்டாளிகளிடம் பேசினாரே, அதில் தாத்தாவும் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டினார். துரைமார் துண்டு போட்டு விற்கிற தோட்டத்தைப் பால் வெட்டுகிறவர்களே வாங்கலாம் என்று யாராவது சொன்னால் அந்தக் காலத்தில் சிரிப்பார்கள். அடுத்த வருஷமே நம் பக்கத்தில் புக்கிட் சிடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கிவிட்டது. அந்தப் பத்து வெள்ளிக்காகத் தாத்தா விட்டது சுருட்டை. அதன் பிறகு அவர் வாயில் வெற்றிலைதான். எங்கள் சோற்றில் ஒரு பிடி குறைத்ததாக எனக்கு ஞாபகமே இல்லை.

பாட்டியும் அப்படித்தான். இரண்டு செலவில் மட்டும் கையைச் சுருக்க மாட்டார். பிள்ளைகளுக்கு முட்டை. ஆளுக்குப் பாதிதான், ஆனால் உண்டு. இன்னொன்று, ஆஸ்பத்திரி. தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரெசர் "பட்டணத்துக்குக் கொண்டுபோங்கள்" என்று சொல்லிவிட்டால், எந்த விண்டராக இருந்தாலும் மைலோ டின்னைக் கவிழ்த்து பஸ்ஸுக்குக் காசு எண்ணுவார்.

அப்படிப்பட்ட அம்மாவுக்குப் பிறந்த நான் என்ன செய்தேன் என்று இப்போது சொல்கிறேன். சொன்னதும் போனை எடுத்துக் கத்தாதே. கடைசிவரை படி.

தீபாவளிக்கு முறுக்குச் சுட்ட வாரம் சிலிப்பருக்குள் ஒரு சின்னக் கல் இருந்திருக்கிறது. எனக்குத் தெரியவே இல்லை. நாள் முழுக்க அடுப்படியில் நின்றேன். ராத்திரி பார்த்தால் இடது கால் பெருவிரலுக்குப் பக்கத்தில் தோல் வழன்றிருந்தது. வலி இல்லை. நீதான் முன்னொரு தடவை சொல்லியிருக்கிறாய், இனிப்புநீர், அதாவது சர்க்கரை நோய், நாள்பட்டால் கால் நரம்பு மரத்துப்போகும், வலிக்காத புண்ணைக் கண்டுதான் பயப்பட வேண்டும் என்று. ஞாபகம் இருந்தது. ஆனாலும் மஞ்சளை அரைத்து வைத்துத் துணியைச் சுற்றிக்கொண்டேன். கிளினிக்கில் சீட்டுக்கு ஒரு வெள்ளிதான். ஆனால் போக வர கிராப் காருக்கு 24 வெள்ளி. தம்பியைக் கேட்டால் அவனுக்கு ஓவர்டைம் போகும். அந்த 24 வெள்ளியைத்தான் நான் மிச்சம் பிடித்தேன்.

இரண்டாவது வாரம் தம்பி வீட்டுக்குள் நுழைந்ததும், "என்னம்மா, எலி செத்துக் கிடக்கிறதா?" என்றான். எலி இல்லை.

கிளினிக்கில் அந்தச் சின்ன வயது டாக்டர், உன் வயதுதான் இருக்கும், துணியைப் பிரித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு மெதுவாகச் சொன்னாள், இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் விரலை எடுக்க வேண்டி வந்திருக்கும் என்று. முதல் இரண்டு வாரம் தினமும் டிரெஸ்ஸிங், பிறகு நாலு வாரம் வாரத்துக்கு மூன்று நாள். கூட்டிப் பார், 26 தடவை. கார்க் காசு மட்டும் 624 வெள்ளி. இதை நான் 555 புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறேன், எனக்கு நானே காட்டிக்கொள்ள. மூன்று மாதச் சர்க்கரை அளவு 10.2 இருந்தது, இப்போது 8.1. இன்னும் இறக்க வேண்டுமாம். மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறேன். தோசையை இரண்டோடு நிறுத்திக்கொண்டேன். இரண்டும் கொஞ்சம் பெரிய தோசைதான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

உன்னிடம் ஏன் மறைத்தேன்? சொல்லியிருந்தால் டிக்கெட் போட்டு ஓடி வந்திருப்பாய். நீயும் அதே மாதிரிதானே ரச ஆவிக் கதை சொன்னாய்.

எனக்கு உன் மூச்சுதான் கவலை. ஏழு வயதில், நடு ராத்திரி, உதடு நீலமாகி நீ இழுத்ததை நான் மறக்கவில்லை. அப்பா தோட்டத்து ஆபீஸ் கிராணி வீட்டுக் கதவைத் தட்டி அவர் காரில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மூச்சுக்கு மருந்து கேஸ் வைத்தார்கள். ஒரு மணி நேரம் கழித்து நீ மைலோ கேட்டாய், அப்போதுதான் அப்பா வெளியே போய் அழுதார். போன மாதம் வீடியோவில் உன் ஜன்னலுக்குக் கீழே சுவர் கறுத்திருந்ததைப் பார்த்தேன். பக்கத்திலேயே கம்பியில் ஈரத் துணி. அது அழுக்கு இல்லை, பூஞ்சணம். கடையில் தே ஓ ஐஸ் தேநீர் வைத்தால் கிளாஸுக்கு வெளியே வேர்க்கிறதே, அதேதான். குளிர்ந்த சுவரில் துணியின் ஈரம் போய் ஒட்டிக்கொள்கிறது. ஹீட்டர் போடாத அறையில் துணி காயப்போட்டால் சுவர் எப்போதும் நனைந்துதான் இருக்கும். இழுப்புள்ள நெஞ்சுக்கு அந்தக் காற்று ஆகாது. நீ நர்ஸ், இதையெல்லாம் உனக்கு நான் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான். இருந்தாலும் விற்கிறேன். உன் வார்டில் இப்படி ஒரு பெண் வந்து படுத்தால் என்ன சொல்லித் திட்டுவாய், அதை அப்படியே கண்ணாடி முன்னால் நின்று சொல்லிக்கொள்.

வீடு முழுக்கச் சூடாக்கச் சொல்லவில்லை. நீ படுக்கும் அறை ஒன்று போதும். அந்த நாட்டில் வீட்டுக்குள் குறைந்தது 18 டிகிரியாவது இருக்க வேண்டும் என்கிறார்களாம், தம்பி படித்துச் சொன்னான். 18 என்றால் கேமரன் மலையில் ராத்திரி அடிக்கிற குளிர். அங்கே ஒரு தடவை போய்விட்டு அப்பா இரண்டு சட்டையும் என் சேலையும் போர்த்திக்கொண்டு படுத்தார். அதையே சூடு என்று சொல்கிற ஊரில் நீ எத்தனையில் படுக்கிறாய் என்று கேட்கவே பயமாக இருக்கிறது. இருட்டும்போதே திரையை இழுத்துவிடு. கதவுக்கு அடியில் காற்று வந்தால் பழைய துணியைச் சுருட்டி வை. லயத்தில் பலகைச் சந்துக்கு நாங்கள் செய்தித்தாளைத்தான் திணிப்போம், பாதிச் செய்தியைச் சுவரில்தான் படித்தேன். துணியைக் குளியலறையில் போட்டுக் கதவைச் சாத்தி, அங்கே ஜன்னலைத் திறந்து வை. வெந்நீர்ப் பை வாங்கிக்கொள். தளதளவென்று கொதித்ததை ஊற்றாதே, உறை போடாமல் உடம்பில் வைக்காதே. அதில் ரப்பர் பையாகப் பார்த்து வாங்கு. மழைக்கோட்டு மேக்கின்டாஷ் இருந்தாரே, ரப்பரைத் துணியில் பூசி 1823இல் காப்புரிமை வாங்கியவர், அவர் உன் கிளாஸ்கோக்காரர்தானாம். நாங்கள் தோளில் காண்டாக் கம்பு போட்டு வாளியில் பால் சுமந்ததற்கு உன் ஊர் ஏதாவது திருப்பிக் கொடுக்கட்டும்.

விட்டமின் டி மாத்திரை சாப்பிடுகிறாயா? அக்டோபரிலிருந்து மார்ச்வரை எல்லாருக்கும் தினம் 10 மைக்ரோகிராம் என்று அங்கே சொல்கிறார்களாம், நம் மாதிரி கறுத்த தோலுக்கு வருஷம் முழுக்கவே நல்லதாம். பகலில் தூங்கி இரவில் வேலை செய்கிறவளுக்கு வெயில் எங்கே? நீல இன்ஹேலரை முன்னைவிட அடிக்கடி தேடுகிறாய் என்றால் டாக்டரைப் பார். ஸ்காட்லாந்தில் மருந்துச் சீட்டுக்குக் காசே இல்லை, 2011லிருந்தே அப்படி என்று நீதான் பெருமையாகச் சொன்னாய். உனக்குக் கிராப் காசும் இல்லை, டாக்டர் இருப்பது அடுத்த தெருவில்.

இனிக் கணக்கு. மார்ச்வரை 800 அனுப்பாதே, 500 போதும். வீட்டுத் தவணை 480. மிச்சம் 20 என் மாத்திரை டப்பாவுக்கும் கோயில் கற்பூரத்துக்கும். சமையல் கேஸ் தோம்பு 26 வெள்ளி 60 காசு, அதை நான் பார்த்துக்கொள்வேன். பக்கத்து வரிசை வீடுகளுக்குத் தோசை மாவு அரைத்துக் கொடுக்கிறேன், உட்கார்ந்தபடிதான். காலைத் தரையில் ஊன்றி நிற்கவில்லை என்று தம்பி சாட்சி சொல்வான். நீ மிச்சமாகும் 300ஐ மீட்டரில் போடு. பேங்கில் போட்டதாகத் தெரிந்தால் நான் கிளினிக்குக்குப் போவதை நிறுத்திவிடுவேன். மிரட்டல்தான்.

இங்கே மரங்கள் சிவக்கத் தொடங்கிவிட்டன. பழைய பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் சிறுதோட்டக்காரர் ஒருவர் இன்னும் ஒரு துண்டு பால்மரம் வைத்திருக்கிறார், நேற்று அந்த வழியாக வந்தேன். புதுச் செருப்போடுதான், மூடின செருப்பு.

ஒரு வெப்பமானி வாங்கிப் படுக்கைக்குப் பக்கத்தில் வை. ஒவ்வொரு ஞாயிறும் அதைப் படம் எடுத்து அனுப்பு. நானும் அதே நாளில் என் காலைப் படம் எடுத்து அனுப்புவேன். என்னுடையது இதோடு வருகிறது. சாப்பிட்டு முடித்துப் பார். விரலுக்குப் பக்கத்தில் பழுப்பாக இருப்பது ரத்தம் இல்லை, மருந்து.

அம்மா