தாதுசேனனின் மகள்

அன்பு மகளுக்கு,

நாங்கள் சுகம். கிணறு ஊறிவிட்டது, வேறு புதினம் இல்லை. கை எப்படி? எனக்குப் படியில் வழுக்கியது என்றாய், தம்பியிடம் குளியலறை என்றிருக்கிறாய். சரி, அதை விடு. நேரத்துக்குச் சாப்பிடு.

பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு வரலாறு சொல்லிக்கொடுக்கிறேன், இந்தக் கிழமை பழைய இலங்கை ராசா தாதுசேனன். நீ இதையெல்லாம் மூச்சுவிடாமல் ஒப்புவிப்பாய், வகுப்பில் உன்னை மிஞ்ச ஆளில்லை, இப்போது அம்மாவுக்கு இரண்டு வரி எழுத நேரமில்லை. கலாவெவக் குளத்தைக் கட்டி அனுராதபுரத்துக்கு 87 கிலோமீட்டர் கால்வாய் வெட்டிய ராசாவை, பெற்ற மகன் காசியப்பன் 473இல் ஏன் கொன்றான் என்று பிள்ளை கேட்டது. சூளவம்சம் என்ற பழைய வரலாற்று நூலில் உள்ளதைச் சொன்னேன். உயிராக வளர்த்த மகளை ராசா தன் சகோதரியின் மகன், சேனாபதி மிகாரனுக்குத்தான் கட்டிக்கொடுத்திருந்தான். ஒரு குற்றமும் செய்யாதவளை அவன் சவுக்கால் தொடையில் அடித்தான். இரத்தம் தோய்ந்த துணியைக் கண்ட ராசா மிகாரனின் தாயை, தன் கூடப்பிறந்தவளை, எரித்துக் கொன்றான். அந்த வன்மத்தில் மிகாரன் காசியப்பனை ஏவிவிட்டான். செல்வம் எங்கே என்று கேட்டதற்குக் கிழவன் கலாவெவவில் குளித்து, தண்ணீரைக் கையில் அள்ளி, இவ்வளவும்தான் என்றானாம். சங்கிலியில் கட்டிச் சுவர் வைத்துப் பூசிவிட்டார்கள். காசியப்பன் பயந்துபோய் சிகிரியாக் குன்றில் ஏறி இருந்தான், 495இல் தம்பி முகலன் இந்தியாவிலிருந்து படையோடு வர, தோற்றுக் கழுத்தை அறுத்துக்கொண்டான்.

எல்லோரும் தண்ணீர் அள்ளிய இடத்தில் உருகுவார்கள், எனக்கு அந்தப் பெண்தான். அவள் பெயர்கூட அதில் இல்லை. துணியைப் பார்த்தவன் அவளை ஒரு வார்த்தை கேட்டானா?

மாமி நேற்றும் வந்தா, அப்பாவும் அவவும் விறாந்தையில் இருந்து பகிடி விட்டுச் சிரித்தார்கள். அவவில் ஒரு பிழையும் இல்லை. அப்பாவுக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை, அவர் கோபம் உனக்குத் தெரியும். அவருக்குத் தெரிய முதல் எனக்குச் சொல்லு. போன் எடுத்தால் மருமகன் பக்கத்தில் நிற்கிறார், அதுதான் எழுதுகிறேன். நீயும் எழுது, வீட்டுக்கு வேண்டாம், பள்ளிக்கூட விலாசத்துக்கு என் பெயரில் போடு. வருவதென்றால் எழுதவும் வேண்டாம், காலை ரயிலில் ஏறு. நேரத்துக்குச் சாப்பிடு.

அம்மா