டேப் வலியைக் குறைக்கும், எலும்பை நேராக்காது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க மருத்துவப் பக்கத்துல, கால் கட்டைவிரல் ரெண்டாவது விரல் பக்கமா சாஞ்சு ஓரத்துல எலும்பு துருத்திக்கிட்டு நிக்குமே, அந்த புனியனுக்கு ஆபரேஷனே வேண்டாம், எலாஸ்டிக் டேப் ஒட்டினா விரல் நேராயிடும்னு போட்டிருந்தீங்க. நான் மதுரைல பிசியோதெரபிஸ்டா இருக்கேன், இந்த டேப்பை தினமும் வெட்டி ஒட்டறவ. திங்கக்கிழமை காலைலயே அந்தப் பேப்பரை மடிச்சு பையில வச்சுக்கிட்டு ஆளுங்க வர ஆரம்பிச்சுட்டாங்க, அதனால தான் எழுதறேன்.

டேப் வேஸ்ட்னு சொல்ல வரல. 1970கள்ல ஜப்பான்ல கென்சோ காசேங்கறவர் கொண்டுவந்தது, 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்ஸ்ல கெர்ரி வால்ஷ்ங்கற அமெரிக்க வீராங்கனை தோள்பட்டைல கருப்பா ஒட்டிக்கிட்டு பீச் வாலிபால் ஆடினதுக்கு அப்புறம் எல்லா ஊருக்கும் பரவிடுச்சு. பருத்தித் துணி, நடுவுல எலாஸ்டிக் நூல், பின்னாடி பசை, அவ்வளவு தான். வலி மருந்து ஏதோ தடவியிருக்குன்னு நிறைய பேர் நினைக்கறாங்க, ஒண்ணும் கிடையாது.

புனியன்ல புதுசா எலும்பு முளைக்கறது இல்லங்க. கட்டைவிரலுக்குப் பின்னாடி இருக்கற நீள எலும்பு ஒரு பக்கமா விலகும், விரல் எதிர்ப்பக்கமா ரெண்டாவது விரலை நோக்கிச் சாயும், நடுவுல மூட்டு வெளிய தள்ளிக்கிட்டு நிக்கும். எக்ஸ்ரேல அந்த நீள எலும்புக்கும் விரலுக்கும் நடுவுல இருக்கற கோணம் 15 டிகிரியைத் தாண்டினா புனியன்னு சொல்லுவோம், 40ஐத் தாண்டினா ரொம்ப முத்தினது. வருஷக்கணக்கா விலகின எலும்பை தோலுக்கு மேல ஒட்டற துணி எப்படி இழுத்து நிறுத்தும், சொல்லுங்க? ஒட்டியிருக்கற வரைக்கும் விரல் கொஞ்சம் நேரா நிக்கும், மூட்டு மேல அழுத்தம் குறையும், வலி குறையும். உரிச்சா விரல் பழைய இடத்துக்குப் போயிடும். இது பத்தி வந்த ஆய்வுங்களும் சின்னச் சின்னது தான், குறுகிய காலத்துக்கு வலி குறையறதைத் தாண்டி பெருசா எதையும் நிரூபிக்கல. ஆனா வலி குறைஞ்சா ஒரு அம்மா நொண்டாம பஸ் ஏறுவாங்க, விரலை விரிச்சு மடக்கற பயிற்சியை ஒழுங்கா செய்வாங்க, அதுக்கே இந்த டேப்புக்கு நான் மார்க் போடுவேன்.

ஒட்டற விதத்தையும் நீங்க அரைகுறையா போட்டுட்டீங்க. காலைக் கழுவி ஈரமில்லாம துடைக்கணும், தேங்காய் எண்ணெய் தடவின பாதத்துல ராத்திரிக்குள்ள உரிஞ்சிடும். டேப் மூலையை வட்டமா வெட்டிக்கணும், இல்லேன்னா செருப்புல மாட்டி சுருண்டுக்கும். டேப்போட முதல் பகுதியை இழுக்காம கட்டைவிரல் ஓரத்துல ஒட்டி, விரலை மெதுவா ரெண்டாவது விரலை விட்டு விலக்கிப் பிடிச்சுக்கிட்டு, பாதத்தோட உள் ஓரமா குதிகால் வரைக்கும் லேசா இழுத்துக் கொண்டுபோய், கடைசிப் பகுதியை மறுபடியும் இழுக்காம விடணும். அப்புறம் உள்ளங்கையால நல்லா தேய்ச்சா அந்தச் சூட்டுல பசை பிடிக்கும். விரலைச் சுத்தி இறுக்கிக் கட்டவே கூடாது, நுனி நீலமாச்சுன்னாலோ அரிச்சாலோ உடனே கழட்டிடணும்.

அப்புறம் செருப்பு. 1958ல ஹாங்காங்ல பண்ணின ஒரு ஆய்வுல ஷூ போடறவங்கள்ல 33 சதவீதம் பேருக்கு விரல் சாஞ்சிருந்துச்சு, வெறுங்கால்ல நடந்தவங்கள்ல 1.9 சதவீதம் தான். பரம்பரையும் ஒரு காரணம் தான், அம்மாவுக்கு இருந்தா பொண்ணுக்கும் வரலாம், அதுக்காக முனை குறுகின செருப்பை பொண்ணு காலுக்கு வாங்கித் தரணுமா? எங்கிட்ட வர்ற ஜவுளிக்கடைப் பொண்ணுங்க காலைலேர்ந்து கடை அடைக்கற வரைக்கும் நின்னுக்கிட்டே இருக்காங்க. உக்கார சேர் குடுக்கணும்னு 2021லயே தமிழ்நாட்டுல சட்டம் வந்தாச்சு, சேர் இருக்கு, அதுமேல துணி மூட்டை தான் உக்காந்திருக்கு. மெட்டி வேற. சாயற கட்டைவிரல் நேரா மெட்டி மேல தான் போய் உரசும், ரெண்டு விரலுக்கும் நடுவுல தோல் கன்னிப்போய் புண்ணாயிருக்கும், கொஞ்ச நாளைக்கு கழட்டி வைங்கன்னு சொன்னா அவங்க என்னைப் பாக்காம பக்கத்துல உக்காந்திருக்கற மாமியாரைப் பாப்பாங்க.

ஆபரேஷன்னா பயமுறுத்தியும் எழுதாதீங்க. அகலமான செருப்பு, பயிற்சி, டேப் எல்லாம் பண்ணியும் நடக்கவே முடியலைன்னா எலும்பை வெட்டி நேராக்கற ஆபரேஷன் தான் வழி. அழகுக்காக மட்டும் பண்ணிக்காதீங்கன்னு தான் நான் சொல்லுவேன், ஏன்னா பண்ணின பிறகும் சிலருக்கு திரும்ப சாயுது.

எனக்கு உண்மையா கோபம் வந்தது சுகர் பத்தி ஒரு வரி கூட இல்லாததுக்கு. சுகர்னால கால்ல உணர்ச்சி கம்மியானவங்களுக்கு டேப்புக்கு அடியில கொப்புளம் வந்தாலும் தெரியாது, அது புண்ணாகி சீழ் வச்ச பிறகு தான் பாப்பாங்க, அதுக்குள்ள விரலையே எடுக்க வேண்டிய நிலைமை வந்துடலாம். அவங்க தாங்களா வாங்கி ஒட்டவே கூடாது. இந்த ஒரு விஷயத்தை மட்டுமாவது வர்ற ஞாயித்துக்கிழமை அதே பக்கத்துல, கண்ணுக்குத் தெரியற சைஸ்ல போடுங்க.

இப்படிக்கு,
ஒரு பிசியோதெரபிஸ்ட்,
மதுரை.