மெடிக்கல் காலேஜ் வளாகம் ஒரே ஆஸ்பத்திரி இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜ் பற்றிய உங்கள் செய்தியில் ஸ்ரீசித்திரா (இதயம், மூளை நரம்பு), ஆர்.சி.சி. (புற்றுநோய்), எஸ்.ஏ.டி. (பிரசவம், குழந்தைகள்) எல்லாவற்றையும் ஒரே ஆஸ்பத்திரியின் பிரிவுகள் மாதிரி எழுதியிருக்கிறீர்கள். சென்னைக்காரருக்கு இது சின்ன விஷயம். கேரள எல்லையை ஒட்டிய எங்கள் குமரி மாவட்டத்துக் களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கத்து ஆட்களுக்கு இதில் ஒரு நாளே பாழாகும்.

எங்கள் தெருவில் ஒரு அக்காவுக்கு மார்பில் கட்டி. இங்குள்ள டாக்டர் ஆர்.சி.சி.க்கு எழுதிக் கொடுத்தார். வீட்டார் பயாப்சி ஸ்லைடைக் கர்சீப்பில் சுற்றிக்கொண்டு முதல் பஸ்ஸில் போய், மெடிக்கல் காலேஜ் ஓ.பி.யில் சீட்டு எடுத்து, மதியம் வரை வரிசையில் நின்ற பிறகுதான் ஆர்.சி.சி. அதே வளாகத்தில் தனி ஆஸ்பத்திரி, தனிப் பதிவு என்று தெரிந்தது. அங்கிருந்தவர்களைக் குறை சொல்ல முடியாது, நாம்தான் எல்லாவற்றுக்கும் ஒரே பேர் சொல்லிப் பழகிவிட்டோம்.

பழக்கத்துக்குக் காரணமும் இருக்கிறது. 1951 நவம்பரில் நேரு அந்தக் கல்லூரியைத் திறந்துவைத்தபோது எங்கள் ஊரெல்லாம் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது, 1956இல்தான் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம். எல்லை மாறியும் நோயாளி போகிற வழி மாறவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பொது வைத்தியமும் விபத்தும் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி. புற்றுநோய்க்கு 1981இல் தொடங்கிய ஆர்.சி.சி. ஸ்ரீசித்திரா மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறைக்குக் கீழே வருவது, இதயமும் மூளை நரம்பும் மட்டும்தான் பார்ப்பார்கள். டாக்டர் வலியத்தான் தலைமையில் இந்தியாவிலேயே செயற்கை இதய வால்வு செய்து, 1990இல் முதல் நோயாளிக்குப் பொருத்தியது அவர்கள்தான். பிரசவத்துக்கும் குழந்தைகளுக்கும் இருக்கிற எஸ்.ஏ.டி., சின்ன வயதிலேயே ருமாட்டிக் இதயநோயில் இறந்துபோன திருவிதாங்கூர் இளவரசர் அவிட்டம் திருநாளின் பேரில் உள்ளது. தொண்டைப்புண்ணில் ஆரம்பித்து வால்வையே கெடுக்கிற நோய் அது, பக்கத்துக் கட்டிடத்துக்காரர்கள் பின்னாளில் வால்வு செய்ததை நினைத்தால் எனக்கு ஆச்சரியம்தான்.

அப்புறம், சாதாரண காய்ச்சலுக்கும் திருவனந்தபுரத்துக்கு ஓடுகிறவர்களைப் பார்க்கிறேன். அதற்கு நாகர்கோவில் பக்கத்து ஆசாரிப்பள்ளம் அரசு ஆஸ்பத்திரி போதும், தூரமும் ஏறக்குறைய அதேதான்.

அடுத்த முறை இந்தச் செய்தி போடும்போது எந்த ஆஸ்பத்திரியில் எந்தத் துறைக்கு என்றைக்கு ஓ.பி., பதிவு எத்தனை மணிக்கு, என்னென்ன பேப்பர் கொண்டுபோக வேண்டும் என்று அங்கேயே கேட்டு ஒரு சின்னக் கட்டம் போடுங்கள். கத்தரித்துக் கடைச் சுவரில் ஒட்டிவைக்க நான் தயார்.

ஒரு வாசகர்,
களியக்காவிளை